தீப்பெட்டிப் படம் தேடி...

கப்பலூரில் கப்பல் கிடையாது. ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, குழந்தைகளுக்குத் துறைமுகம் காட்டலாம் என்று யாரும் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடக் கூடாதே என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரைக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், திருப்பரங்குன்றத்தையும் திருநகரையும் தாண்டி, திருமங்கலத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்த ஊர். கடலுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. கருமுத்து தியாகராஜச் செட்டியார் 1936-ல் தொடங்கிய தியாகராஜர் மில் இங்கே இருக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை ஊரை உரசிக்கொண்டு போகிறது. பத்திரிகைகளில் அடிக்கடி பெயர் அடிபடும் சுங்கச் சாவடியும் உண்டு. கப்பல் மட்டும் இல்லை.

இருந்தாலும், சாலையோரத்துப் பெட்டிக் கடைக்குப் போய், "ஒரு தீப்பெட்டி கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் பாய் விரித்த கப்பல் படம் போட்ட பெட்டி கைக்கு வரும்! விம்கோ கம்பெனியின் பழைய மார்க் அது. ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டிக்காரர்கள் 1923-ல் இந்தியாவில் ஆரம்பித்த கம்பெனி. சென்னைத் திருவொற்றியூரில் அவர்கள் தொழிற்சாலை இருந்த இடத்துக்கு இன்றைக்கும் விம்கோ நகர் என்றே பெயர். மெட்ரோ ரயில் நிலையத்துக்குக்கூட அந்தப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

கப்பலூரில் நின்று தெற்கே பார்த்தால், அந்தச் சாலை திருமங்கலம் வழியாக விருதுநகருக்குப் போகிறது. விருதுநகரைத் தாண்டினால் ஒரு பக்கம் சிவகாசி, நேரே சாத்தூர், கோவில்பட்டி. தீப்பெட்டிச் சீமை என்றால் அதுதான். அந்தச் சீமைக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். தீக்குச்சி வாங்குவதற்காக அல்ல. பெட்டியின் மேலே ஒட்டியிருந்த அந்தச் சின்னப் படத்துக்காக.

"படத்துக்காகவா? வேலை மெனக்கெட்டுப் போவார்களா?" என்கிறீர்களா? உலகத்தில் எதையெல்லாம் சேர்த்து வைக்கிறார்கள் என்று கொஞ்சம் கேளுங்கள். பிறகு பஸ் ஏறலாம்.

பொட்டலத்துக்குள் வந்த வீரர்கள்

1960-ம் வருஷம் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு ஒரு கால்பந்துக் குழு குடிவந்தது. கார்டினல்ஸ் என்று பெயர். அதுவரை சிகாகோவில் இருந்த குழு. அவர்களுடைய கால்பந்தில் பந்தைப் பெரும்பாலும் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். பெயர்ப் பொருத்தத்தை நாம் கேட்க வேண்டாம். கப்பல் இல்லாத கப்பலூரைப் போல அதுவும் ஒன்று!

புதிதாக வந்த குழுவை ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டுமே? அந்த ஊர் இறைச்சிக் கம்பெனி ஒன்று, மேரோஸ் என்று பெயர், தன்னுடைய பாக்கெட்டுகளுக்குள் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை வைத்தது. மொத்தம் 11 அட்டைகள். கொழுப்பும் ஈரமும் படுமே என்று அட்டைக்குப் பிளாஸ்டிக் பூச்சுப் பூசி, மூலைகளையும் மழுக்கியிருந்தார்கள். அதே காலத்தில், 1959-லும் 1960-லும், லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களில் அந்த ஊர்க் குழுவான ராம்ஸ் வீரர்களின் படம் வந்தது.

இந்த அட்டைகளுக்கு இன்றைக்கு அங்கே இருக்கும் மவுசைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். காரணம் ரொம்பச் சுலபம். தேசம் முழுவதும் விற்ற மிட்டாய் அட்டை லட்சக்கணக்கில் அச்சானது. இதுவோ அந்த வறுவல் எந்த வட்டாரத்தில் விற்றதோ அந்த வட்டாரத்துக்கு மட்டுமே. வாங்கியவர்கள் எண்ணெய்க் கையோடு பார்த்துவிட்டுப் பொட்டலத்தோடு குப்பையில் போட்டார்கள். ஏதோ நாலு பையன்கள் துடைத்து டப்பாவில் வைத்தார்கள். அந்த நாலு பையன்களின் புண்ணியம், இன்றைக்கு அட்டை இருக்கிறது.

இந்த வழக்கம் அப்போது பிறந்ததும் அல்ல. சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு விறைப்பான அட்டை வைத்தார்கள். வெறும் அட்டை எதற்கு, படம் போடலாமே என்று யாருக்கோ யோசனை தோன்றியது. லீபிக் என்ற மாமிசச் சாறு கம்பெனி 1870-களிலிருந்து ஒரு நூறு வருஷம் வண்ணப் படங்கள் கொடுத்தது. பிரிட்டனில் புரூக் பாண்டு தேயிலைப் பாக்கெட்டுகளில் 1954 முதல் 1999 வரை பறவைப் படம், பூப் படம் என்று வந்துகொண்டே இருந்தது. இத்தாலியில் மொடேனா நகரத்தில் 1961-ல் பானினி சகோதரர்கள் கால்பந்து வீரர் படங்களைத் தனியாகவே பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கினார்கள்.

இந்த அட்டைகளில் ஒரு சௌகரியம் உண்டு. முன்பக்கம் முகம், திருப்பினால் முதுகில் வரலாறு! ஆட்டக்காரரின் பெயர், எந்த ஊர், எத்தனை உயரம், எத்தனையாவது நம்பர் அட்டை என்று எல்லாம் அச்சிட்டிருக்கும். அறுபது வருஷம் கழித்து ஒரு பேரன் எடுத்துப் பார்த்தாலும், இது யார் என்று ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் பக்கம் திரும்புவோம். பீட்டர் தங்கராஜ் என்ற கோல்கீப்பரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். மதராஸ் ரெஜிமென்ட் படைப் பிரிவின் குழுவில் ஆடி, 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றவர்களில் ஒருவர். 1956, 1960 ஒலிம்பிக்ஸ் இரண்டுக்கும் போனவர். 1962-ல் ஜகார்த்தாவில் இந்தியா ஆசியத் தங்கம் வாங்கிய குழுவில் இருந்தவர். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றவர். அவர் முகத்தை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தில் அந்த முகமும் முதுகில் நாலு வரியும் வந்திருந்தால், தெருவுக்குத் தெரு தெரிந்திருக்கும் அல்லவா?

நம் பிள்ளைகளின் பணம்

பண்டத்தோடு விளையாட்டு வீரர் படம் வந்த காலம் நமக்கும் ஒன்று உண்டு. 1980-களின் பின்பாதியிலும் அடுத்த சில வருஷங்களிலும் 'பிக் ஃபன்' பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் கிடைத்தது. படத்தில் ரன்னும் விக்கெட்டும் போட்டிருக்கும். இத்தனை ரன் சேர்த்தால் இன்ன பரிசு என்பார்கள். அந்த நாள் பையன்கள் இப்போது நரைத்த மீசையோடு இருக்கிறார்கள். 'பிக் ஃபன்' என்று காதில் ஓதினால் கண்ணில் ஒரு வெளிச்சம் வருகிறது.

அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே, மதுரைத் தெருக்களில் பிள்ளைகளின் செலாவணி தீப்பெட்டிப் படம்தான். மண்ணிலே வட்டம் போடுவார்கள். ஆளுக்கு இத்தனை படம் என்று நடுவில் அடுக்குவார்கள். தூரத்தில் நின்று தட்டைக் கல்லை வீசி, வட்டத்துக்கு வெளியே தள்ளிய படமெல்லாம் தள்ளியவனுக்கு. சாதாரணமாய்க் கிடைக்கும் படத்துக்கு மதிப்புக் குறைவு. வெளியூர் மாமா கொண்டுவந்த பெட்டியின் படத்துக்கு மதிப்பு அதிகம். செயின்ட் லூயிஸ் பையனுக்கும் மதுரைப் பையனுக்கும் கணக்கு ஒன்றுதான் பார்த்தீர்களா?

சேர்ப்பது சின்னப் பிள்ளைகளின் புத்தி என்று பெரியவர்கள் சிரிக்க வேண்டாம். தொடர்கதையை வாரா வாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ அட்டை போட்டு, பெட்டியின் அடியில் வைத்த அத்தைகளும் சித்திகளும் எந்த வீட்டில் இல்லை? தூக்கிப் போட வேண்டிய காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வைப்பது நம் குடும்ப வழக்கம்தான்.

கரிசல் காட்டு வழியிலே

சரி, பஸ் ஏறுவோம். கப்பலூர் மில்லைக் கடக்கும்போதே ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூல் சிப்பத்துக்கும் துணிப் பீஸுக்கும் மார்க் படம் ஒட்டுவது மில் உலகத்தின் பழைய வழக்கம். எழுத்துத் தெரியாதவர் சரக்கை எப்படி அடையாளம் காண்பார்? "யானைப் படம் போட்டது" என்று கேட்டு வாங்குவார். படம்தான் பெயர், படம்தான் நாணயம். தீப்பெட்டிக்கும் அதே நியாயம்.

திருமங்கலம் தாண்டியதும் பச்சை குறைகிறது. கரிசல் மண் தொடங்குகிறது. விருதுநகர் வந்தால் பருப்பு, எண்ணெய் வியாபாரத்தின் வாசனையும், காமராஜர் 1903-ல் பிறந்த ஊர் என்ற பெருமையும், எண்ணெயில் பொரித்த புரோட்டாவும் உங்களை வரவேற்கும். புரோட்டாவுக்கு ஒரு கால் மணி ஒதுக்குங்கள். பிறகு சிவகாசிச் சாலையில் திரும்பலாம்.

வானத்தைப் பாருங்கள். மேகம் வருகிறது, போகிறது. மழை பெய்வதுதான் அபூர்வம். இந்த வறட்சிதான் தீப்பெட்டித் தொழிலுக்கு வரப்பிரசாதமாயிற்று. மருந்து தோய்த்த குச்சி சீக்கிரம் காயும். பெட்டி நமுத்துப் போகாது. விவசாயம் கைவிட்ட ஜனங்களோ வேலைக்குக் காத்திருந்தார்கள். 1922-ல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதுவரை இங்கே எரிந்தது ஸ்வீடன் குச்சி, ஜப்பான் குச்சி. அவர்கள் வந்த பிறகு நம் ஊர்க் குச்சி எரியத் தொடங்கியது. அணில், சேவல் என்று நம் வீட்டுத் தோட்டத்து ஜீவன்கள் பெட்டியில் ஏறின.

பெட்டி செய்தால் போதுமா? படம் வேண்டுமே! அந்தப் படத்தை அச்சிடுவதற்காகத்தான் சிவகாசிக்கு அச்சு யந்திரம் வந்து நிலைத்தது. முதலில் கல் அச்சு, பிறகு ஆஃப்செட். தீப்பெட்டிப் படத்தில் தொடங்கிய கை, காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் நோட்டுப் புத்தக அட்டைக்கும் போயிற்று. பக்கத்துக் கோவில்பட்டியில் தங்கி வரைந்த ஓவியர் கொண்டையராஜு (1898-1976) போட்ட காலண்டர் சாமிப் படங்கள் எத்தனையோ வீடுகளின் பூஜை அறையில் இன்றும் இருக்கின்றன. அவருக்காவது பெயர் நின்றது. இரண்டங்குல நீளத் தீப்பெட்டிப் படத்தை வரைந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

எத்தனை விதமான படங்கள் என்கிறீர்கள்! மயில், மான், தாமரை, சாவி, கடிகாரம், ஆகாய விமானம், சிறுத்தையோடு ஒண்டிக்கு ஒண்டி மல்லுக்கட்டும் வீரன்... சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நாலு வர்ணத்துக்குள் முடித்திருப்பார்கள். ஒரு மார்க் நன்றாக விற்றுவிட்டால், அதே போல வாலை மட்டும் மாற்றிய இன்னொரு மிருகம் கடைக்கு வந்துவிடும். 1940-ல் வணிகச் சின்னச் சட்டம் வந்து, மார்க்கைப் பதிவு செய்துகொள்ள வழி ஏற்பட்டது. அசலையும் அதன் 'தம்பி'களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைப்பது, சேர்ப்பவர்களுக்கு ஒரு தனி ருசி.

ஒட்டிய கை

இந்தப் பிரயாணத்தில் நான் மறக்க முடியாதது அச்சகமும் அல்ல, ஆல்பமும் அல்ல. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், வேப்ப மர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி. அவர் கையில் ஒரு பழைய படத்தைக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு திருப்பி, பின்பக்கத்தைக் கட்டை விரலால் தடவினார். எல்லோரும் படத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் முதுகைத் தடவினார்!

"நீங்க படம் ஒட்டியிருக்கீங்களா, ஆச்சி?"

"ஒட்டாம? பாவாடை கட்டுன வயசுல உக்காந்தது. நான் லேபிள் ஒட்டுவேன், எங்க அக்கா கட்டை அடுக்கும்."

கட்டை அடுக்குவது என்றால் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் செருகுவது. அந்தச் சட்டத்தோடு மருந்தில் தோய்ப்பார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலிக் கணக்கெல்லாம் குரோஸில்தான்.

"என்ன படம் ஒட்டினீங்க? ஞாபகம் இருக்கா?"

"படத்த யாரு பாத்தா, சாமி? பசை காயுறதுக்குள்ள அடுத்த பெட்டிய எடுக்கணும்ல?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதப் போயி சேத்து வைக்காகளா?" என்று கேட்டார்.

"வைக்கிறாங்க, ஆச்சி. வெளிநாட்டுலகூட வைக்கிறாங்க."

"அப்ப நான் ஒட்டுனதும் எங்கிட்டாவது இருக்கும்னு சொல்லுங்க!"

நேயர்களே, எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மதுரையில் ஒரு பையன் வட்டம் போட்டு விளையாடிய அதே படத்தை, இங்கே அவன் வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடம் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது சேவல். அவளுக்கு அது ஒரு குரோஸில் ஒன்று. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்து, தீப்பெட்டித் தொழிலையும் பிள்ளைகளை வைக்கக் கூடாத தொழில்களில் சேர்த்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், சட்டத்தை மீறி வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மூதாட்டியின் பேத்தி கல்லூரிக்குப் போகிறாளாம். நல்லது. ஆனால் பாட்டி ஒட்டிய படங்களின் முதுகில் பசைக் கறையைத் தவிர ஒன்றும் இல்லை.

அமெரிக்க வறுவல் அட்டைக்கும் நம் படத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அதன் முதுகில் கம்பெனிக்காரர்கள் எழுதிவிட்டார்கள். நம்முடையதன் முதுகில் வைத்திருக்கிறவர் எழுதினால்தான் உண்டு.

எப்படி வைப்பது?

காகிதப் படமே இப்போது போய்க்கொண்டிருக்கிறது. மெல்லிய மரச் சீவலில் செய்து நீலக் காகிதம் சுற்றிய பெட்டி மறைந்து, அட்டைப் பெட்டி வந்துவிட்டது. அட்டையிலேயே நேராக அச்சிட்டுவிடுவதால் ஒட்டுவதற்குத் தனிப் படம் வேண்டியதில்லை. 2007-ல் ஒரு ரூபாய்க்கு வந்த தீப்பெட்டி, 14 வருஷம் அந்த விலையிலேயே நின்று, 2021 டிசம்பர் 1-ம் தேதிதான் 2 ரூபாய் ஆயிற்று. நடுவே லைட்டர் வந்து போட்டி போட்டது. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியைச் சர்க்கார் தடுத்த பிறகு தீப்பெட்டிக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். இருந்தாலும் பொத்தானைத் திருகினால் அடுப்பு எரியும் வீடுகளில் தீப்பெட்டிக்குக் கார்த்திகை விளக்கோடு வேலை முடிந்துவிடுகிறது.

ஆகவே, வீட்டில் பழைய பெட்டி ஏதாவது கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். குச்சிகளை எடுத்துவிடுங்கள், குச்சியோடு சேர்த்து வைப்பது ஆபத்து. ஒட்டிய படமானால் பெட்டியைக் கொஞ்ச நேரம் சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பசை இளகியதும் படம் தானாக நழுவும். நகத்தால் சுரண்ட வேண்டாம். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகத்தை வையுங்கள். அட்டைப் பெட்டியானால் மடிப்பைப் பிரித்துத் தட்டையாக்கி அப்படியே வைக்கலாம். வெயில் படக் கூடாது. செல்லோ டேப் கூடவே கூடாது. சில வருஷத்தில் மஞ்சளாகிப் படத்தையும் தின்றுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு, ஒரு மெல்லிய பென்சிலை எடுத்துப் பின்பக்கம் எழுதுங்கள். எந்த ஊர்க் கடையில் வாங்கியது, எந்த வருஷம், என்ன விலை, யார் வீட்டுப் பரணில் கிடைத்தது. அச்சகத்தில் வேலை பார்த்த மாமா, கட்டை அடுக்கிய அத்தை, படம் சேர்த்த தாத்தா யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் பெயரையும் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

என்னிடம் ஒரு சேவல் படம் இருக்கிறது. சாத்தூர்ப் பக்கத்து வேப்ப மரத்தடியிலிருந்து எழுந்து வருவதற்கு முன்னால், அந்த ஆச்சியிடம் பெயரைக் கேட்டு அதன் முதுகில் எழுதிக்கொண்டு வந்தேன். பசைக் கறைக்கு மேலே பென்சில் கொஞ்சம் வழுக்கியது. ஆனாலும் படிக்க முடிகிறது.